குளிர் காட்டிய ஊசி

யாழ்ப்பாணத்து வெயிலில் ஓடுகிற லொறிக்கு ஒன்றல்ல, இரண்டு ஹீற்றர் பூட்டப் போகிறோம் என்று சொன்னபோது கோப்பாயில் சிரிக்காத ஆளில்லை. பக்கத்து வளவுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பிள்ளை, உனக்கென்ன விசரோ? முத்தத்திலை நிண்டாலே அவியுது. அதுக்கை நெருப்பு வேறை மூட்டப் போறியோ?" என்று கேட்டார். ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி லொறி விஷயத்தில் தலை போடுவதே அவருக்குப் பகிடி. "மாரியிலை வாங்கோ, சும்மா குளிர் காய விடுறன்" என்று நானும் விட்டுக் கொடுக்காமல் சொன்னேன். அந்த நாட்களில் எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. இப்போது யோசித்தால் என் வாயில் நானே ஒன்று போடலாம் போல இருக்கிறது.

எங்கள் வீட்டுப் பின்வளவில் கோழிக்குஞ்சு பொரிக்கிற மெசின்கள் மூன்று இருக்கின்றன. மெசினும் குஞ்சும் என் பொறுப்பு, லொறியும் பாதையும் கணவர் பொறுப்பு. பொரித்த குஞ்சை ஒரு நாளுக்குள் வாங்குகிறவர் கையில் சேர்த்துவிட வேண்டும். உள்ளூரில் விற்கும்வரை அதில் ஒரு சிக்கலும் இருக்கவில்லை. நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கும் ஒரு பெண்கள் குழு எங்களிடம் குஞ்சு எடுக்கத் தொடங்கிய பிறகுதான் வினை வந்தது. முதல் பயணத்தில் மலை ஏற ஏறக் குளிர் கூடியது. அங்கே போய்ப் பெட்டிகளைத் திறந்தால், ஓரத்துப் பெட்டிகளில் இருந்த குஞ்சுகள் சூடு தேடி ஒன்றின் மேல் ஒன்று ஏறி, அடியில் இருந்தவை நசுங்கிச் செத்துக் கிடந்தன. அந்தப் பெண்களுக்கு முன்னால் நான் கூனிக் குறுகிப் போனேன். அடுத்த தடவை சாக்குப் போட்டு மூடினோம். காற்றில்லாமல் செத்தன.

எங்கள் லொறி ஜப்பானில் பனிக்குள் ஓடித் தேய்ந்த பிறகு இங்கே வந்தது. ஓட்டுகிறவர் இருக்கும் முன்பக்கத்தில் அதற்கு ஏற்கனவே ஒரு ஹீற்றர் இருந்தது. அது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எஞ்சினைச் சுற்றி ஓடிச் சூடாகும் தண்ணீரில் ஒரு பங்கு றப்பர் குழாய் வழியாக அதற்குள் வந்து போகும், ஒரு விசிறி அந்தச் சூட்டை உள்ளே ஊதும். முன்பு லொறியை வைத்திருந்தவர், இந்த ஊரில் இது என்னத்துக்கு என்று குழாய்களைக் கழற்றி ஒன்றோடொன்று பொருத்திவிட்டிருந்தார். அதைத் திரும்ப இணைத்து, பின்னால் குஞ்சுப் பெட்டி அடுக்கும் கூட்டுக்குள்ளும் அதே போல ஒன்று வைத்தால் என்ன என்பது என் யோசனை. அச்சுவேலியில் உடைத்து விற்கக் கிடந்த ஒரு பழைய வான் வண்டியில் பின் இருக்கைக்கென்றே தனி ஹீற்றர் இருந்தது. அதை வாங்கி வந்து முற்றத்தில் வைத்துவிட்டு ஆள் தேடினேன்.

லொறி திருத்துகிற இரண்டு பேர் சிரித்துவிட்டுப் போனார்கள். மூன்றாவதாக வந்தவர் குருநகரில் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவர். நாற்பது வயது இருக்கும். அவர் சிரிக்கவில்லை. லொறிக்குக் கீழே படுத்து எழும்பி, சுண்ணக்கட்டி கேட்டு வாங்கி, லொறியின் பக்கப் பலகையிலேயே கோடு கீறிக் காட்டினார்.

"அக்கா, முன்னுக்குப் போய் வாற தண்ணியைப் பின்னுக்கு விட்டா, குஞ்சுகளுக்கு ஆறின தண்ணிதான் போய்ச் சேரும். ரெண்டுக்கும் தனித்தனி வழி வைப்பம். ஒவ்வொண்டுக்கும் ஒரு வால்வு. எது வேணுமோ அதைத் திறக்கலாம், வேண்டாட்டி மூடலாம்."

பின் ஹீற்றரை எங்கே வைப்பது என்பதில்தான் இழுபறி. நிலத்தோடு வைக்கச் சொன்னார் அவர். நிலத்தில் வைத்தால் இரண்டு வரிசைப் பெட்டிக்கு இடம் போய்விடும், கூரையோடு வையுங்கள் என்றேன் நான். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார்.

"வைக்கலாம். ஆனா காத்து எப்பவும் உச்சியிலைதான் போய் ஒளிச்சு நிக்கும். நான் மேலை ஒரு திருகாணி வைச்சுத் தாறன். தண்ணி நிரப்பேக்கை காத்து முழுக்க அதாலை போகவேணும். போகாமல் லொறி ஒரு அடி அசையக் கூடாது."

சனிக்கிழமை முழுக்க வேலை நடந்தது. ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்து அவர் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு குழாய் அளவு பொருந்தாமல் திங்கள் காலைக்குத் தள்ளிப் போனது. திங்கள் விடியும்போது மெசினில் குஞ்சுகள் எல்லாம் பொரித்துக் கீச்சிட்டுக்கொண்டிருந்தன. மலையில் அந்தப் பெண்கள் பொழுதுபடுவதற்குள் வந்து எடுத்துப் போகக் காத்திருப்பார்கள். இருட்டினால் தேயிலைக்குள்ளால் லயன் வீடுகளுக்கு நடந்து போக முடியாது.

அவர் ஆறு மணிக்கே வந்து கடைசிக் குழாயை இறுக்கினார். ஆறே முக்காலுக்குத் தண்ணீர் ஊற்றி, லொறித் திறப்பைத் திருகி எஞ்சினை ஓட விட்டார். றேடியேற்றரின் மூடியைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு, குமிழி வர வரத் தண்ணீர் விட்டார். நடுவில் பின்னால் ஓடிப் போய்த் திருகாணியைத் தளர்த்திப் பார்த்தார். அது சீறித் துப்பியது. திரும்பவும் குமிழி. ஏழு மணியாகியும் குமிழி நிற்கவில்லை. கணவர் பின்வளவில் குஞ்சுகளை எண்ணிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். அதனால் அடுத்து நடந்த கதை எனக்கும் திருத்த வந்தவருக்கும் இடையில் மட்டும்தான்.

நான் விறாந்தையில் தொங்கிய கலண்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகுகாலம். புது வேலை செய்த லொறியின் முதல் பயணம். எங்கள் வீட்டில் ராகுகாலத்தில் ஒரு கதிரையைக்கூடப் புதிதாகக் கொண்டுவர மாட்டோம்.

"தம்பி, ஏழரைக்கு முன்னம் வெளிக்கிட வேணும். மூடியைப் போடுங்கோ."

"அக்கா, காத்து இன்னும் போகேல்லை. அரை மணித்தியாலம் தாங்கோ."

"அரை மணித்தியாலம் எண்டா ராகுகாலம் துவங்கிடும். பிறகு ஒன்பது மணிக்குத்தான் எடுக்கலாம். எப்ப போய்ச் சேருறது? மிச்சக் காத்து ஓட்டத்திலை தானாப் போகும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு விறாந்தைப் பக்கம் பார்த்தார். கழுத்தில் கிடந்த சின்னச் சிலுவையை விரலால் தடவிக்கொண்டு, "உது உங்கடை வழக்கம். அதிலை நான் ஒண்டும் கதைக்க ஏலாது" என்றார். மூடியைப் போட்டு இறுக்கினார். கை துடைத்துக்கொண்டு, "வழியிலை ரெண்டு இடத்திலை நிப்பாட்டி, நல்லா ஆறவிட்டு, தண்ணி பாக்கச் சொல்லுங்கோ அண்ணையிட்டை" என்றார். ஓம் என்றேன். ஏழு இருபத்தைந்துக்குத் தேங்காய் உடைத்து வெளிக்கிட்டோம்.

இந்த இடத்தில் எனக்கு வரும் கோபத்தை எழுதாமல் விட முடியாது. ராகுகாலத்துக்கு முன் வெளிக்கிட வேண்டுமென்றால் அதற்கு எங்கள் ஆட்களிடமே வழி இருக்கிறது. லொறியை எங்கள் ஒழுங்கை வீதியில் ஏறுகிற இடத்துப் பிள்ளையார் கோயிலடிக்குக் கொண்டுபோய் நிறுத்தி, கற்பூரம் கொளுத்தினால் பயணம் துவங்கியதாகக் கணக்கு. பிறகு அங்கேயே ஒரு மணித்தியாலம் நின்றாலும் குற்றமில்லை. என் சொந்தக் கலியாணத்துக்கே மாப்பிள்ளை வீட்டார் அப்படித்தான் வெளிக்கிட்டு வைத்துவிட்டு, திரும்பி வந்து காலைச் சாப்பாடு சாப்பிட்டார்கள். குருநகரில் பிறந்து வளர்ந்த அவருக்கு அது தெரிய நியாயமில்லை. எனக்குத் தெரியும். அந்த அவசரத்தில் அது என் மண்டையில் தட்டவேயில்லை என்பதை இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை.

கொடிகாமம் தாண்டும் மட்டும் ஒரு குறையும் இல்லை. வெயில் ஏறிவிட்டது. குஞ்சுகளுக்கு அந்த நேரம் ஹீற்றர் தேவையே இல்லை. எனக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. வேலை செய்கிறதா என்று பார்ப்போம் என்று பின் விசிறியைப் போட்டு, இடையில் இருந்த சின்ன யன்னலால் கையை விட்டேன். வெறும் காற்று வந்தது. முன் ஹீற்றரைப் போட்டேன். அதிலும் சூடில்லை.

"இஞ்சாருங்கோ, ஒண்டும் சுடேல்லை."

கணவர் சூடு காட்டும் ஊசியைப் பார்த்தார். அது அடியில், குளிர் என்று குறித்த பக்கம் படுத்துக் கிடந்தது. அவர் இருபத்தைந்து வருடமாக லொறி ஓட்டுகிறவர். சூடான றேடியேற்றர் மூடியில் கை வைக்கக் கூடாது என்று எத்தனை பேருக்குப் புத்தி சொன்னவர். பளைக்கு இந்தப் பக்கம் ஒரு தென்னங்காணி வேலியோரம் நிழலாக நிறுத்தினார்.

"எஞ்சின் இன்னும் சூடே ஏறேல்லைப் போலை" என்றார்.

"தண்ணி பாக்கச் சொன்னவர்" என்றேன்.

ஆறவிட்டு என்று குருநகர்க்காரர் சொன்னதை நான் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்று மறைக்கவில்லை. ஊசியே குளிர் காட்டும்போது ஆறவிடுவதற்கு என்ன இருக்கிறது என்று அது எனக்குள்ளேயே விழுந்துபோயிற்று. அந்த ஊசிக்குத் தண்ணீர் சுற்றி நின்றால்தான் சூடு தெரியும் என்பதும், உள்ளே நின்ற காற்று நகர்ந்து வந்து அதைச் சூழ்ந்துகொண்டது என்பதும், தண்ணீர் எட்டாத எஞ்சின் உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது என்பதும் பிறகு தெரிந்த விஷயங்கள்.

எங்கள் லொறியில் இருக்கையைத் தூக்கினால் அடியில்தான் மூடி. கணவர் இருக்கையைத் தூக்கிவிட்டு, குனிந்து, பழந்துணியால் மூடியைப் பிடித்துத் திருப்பினார்.

சீறல் கேட்டது. கதவு வாசல் முழுக்க ஆவியில் வெள்ளையாகப் போனது. அவர் கத்தவில்லை. கத்தினது நான்தான். அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு பின்னால் வந்து, புல்லில் முழங்காலில் இருந்தார். கையை எடுத்தபோது கண் இரண்டும் இறுக மூடியிருந்தன. இமைத் தோல் வேறு நிறமாகக் கிடந்தது. நெற்றியும் ஒரு பக்கக் கன்னமும் சிவந்து நீர் கோத்தன. ஒரு நிமிடத்துக்கு முன்பு என்னோடு கதைத்துக்கொண்டிருந்த முகம் அது.

"இஞ்சாரும், கண் திறக்கேலாமல் கிடக்கு" என்றார். அவ்வளவு மெல்லச் சொன்னார்.

வீதியோரம் இளநீர் விற்றுக்கொண்டிருந்த பெண் ஒருத்தி வாளியோடு ஓடி வந்தாள். யாரோ பற்பசை கொண்டுவந்து பூசப் போனார். அவள் அதைத் தட்டிவிட்டு, "உதைப் பூசாதையுங்கோ, தண்ணியை ஊத்துங்கோ" என்று அதட்டி, வாளி வாளியாக ஊற்றினாள். ஓட்டோவில் ஏற்றும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். நாங்கள் சாவகச்சேரிக்குப் போய், அங்கிருந்து பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணுக்குள் என்ன நடந்திருக்கிறது என்று வீக்கம் வற்றினால்தான் சொல்லலாம் என்றார் டொக்டர். இரண்டு கண்ணையும் கட்டினார்கள்.

குஞ்சுகளை அந்தப் பெண்ணே தன் வீட்டு நிழலில் இறக்கி வைத்துத் தண்ணீரும் வைத்தாளாம். பின்னேரம் எங்கள் ஆட்கள் போய் எடுத்து வந்தார்கள். ஒன்றுகூடச் சாகவில்லை. அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வரவில்லை, அந்தக் குஞ்சுகளின் மேல் எரிச்சல்தான் வந்தது.

அன்று பின்னேரம் கணவரின் தமையன் வந்து சேர்ந்தார். கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாட்டு வாசலுக்குப் போய் குருநகர்க்காரருக்குப் போன் எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"வள்ளத்து எஞ்சின் பாக்கிற உன்னை லொறியிலை கை வைக்க விட்டது எங்கடை பிழை. என்ரை தம்பி கண் தெரியாமல் கிடக்கிறான். இனி அந்த வீட்டுப் படலையடியிலை உன்னைக் காணக் கூடாது!"

குருநகர்க்காரர் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அரை மணித்தியாலம் கேட்டேன், அக்காதான் தரவில்லை என்று ஒரு வரி போதும். தமையன் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்ததால் அந்தப் பக்கக் குரல் எனக்கும் கேட்டது.

"ஓம் அண்ணை. என்ரை கவலையீனம்தான்."

அதிர்ச்சி என்றால் என்ன என்று அன்று எனக்கு இரண்டு தடவை தெரிந்தது. புல்வெளியில் ஒரு தடவை, அந்த வாசலில் மற்றத் தடவை. அவர் என் பழியைத் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. பயத்தில் திறக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது பொய். அந்த நேரத்தில் எனக்கு வந்தது ஆறுதல். என் தலை தப்பியது என்ற ஆறுதல். அந்த ஆறுதல் எனக்குள்ளிருந்து வந்ததைப் பார்த்துத்தான் நான் பயந்தேன்.

நாலு நாள் அப்படியே போயிற்று. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் குருநகர்க்காரரைத் திட்டினார்கள். நான் எல்லோருக்கும் தேத்தண்ணி வார்த்துக் கொடுத்தேன். கணவர் மட்டும் திட்டவில்லை. "அவர் நல்லாத்தானே வேலை செய்தவர், என்ன நடந்தது?" என்று இரண்டு தடவை கேட்டார். "தெரியாது" என்றேன். கட்டிய கண்ணோடு ஒரு மனுஷன் கேட்கிறார், அவருக்கு முகம் தெரியாது என்ற தைரியத்தில் அப்படிச் சொன்னேன்.

ஐந்தாம் நாள் காலை, பத்து மணிக்குக் கட்டு அவிழ்ப்பார்கள் என்று தாதி வந்து சொல்லிவிட்டுப் போனாள். கண் தெரியாமல் போனால் இந்தப் பொய்யோடு நான் காலம் முழுக்க அவருக்குச் சோறு போட வேண்டும். தெரிந்தால் அந்தக் கண்ணை நான் எப்படிப் பார்ப்பது? எப்படியிருந்தாலும் அவிழ்ப்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று பட்டது. கட்டில் விளிம்பில் இருந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். குமிழி நிற்காததை, கலண்டரை, குருநகர்க்காரர் அரை மணித்தியாலம் கேட்டதை, ஆறவிட்டுப் பார்க்கச் சொன்னதை, தமையன் போனில் ஏசியபோது நான் பக்கத்தில் நின்றதை.

கணவர் கையைக்கூட இழுக்கவில்லை. டொக்டர் வந்துவிட்டார்.

வலது கண் திறந்தது. இமை பொருக்குத் தட்டி, சிவந்து, ஆனால் பார்த்தது. இடது கண்ணுக்கு வெளிச்சம் மட்டும் தெரிந்தது. டொக்டர் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டபோது, அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு "தெரியேல்லை" என்றார். இன்றைக்கும் அப்படித்தான். பெரிய லொறி ஓட்ட இனி விடமாட்டார்கள்.

டொக்டர் போன பிறகு அந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார். நான் ஏச்சுக்குக் காத்திருந்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணையிட்டைச் சொல்லிப் போட்டீரோ?"

"இல்லை."

"முதல் அங்கை சொல்லும். பிறகு குருநகருக்குப் போம். இண்டைக்கே போம். அந்த ஆள் அஞ்சு நாளா என்னண்டு சாப்பிட்டிருக்கும்?"

தமையனிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் எழும்பிப் போனார். பிறகு பஸ் எடுத்துக் குருநகருக்குப் போய் விசாரித்தேன். அவர் கடற்கரையில், மணலில் ஏற்றி வைத்த வள்ளம் ஒன்றின் பக்கத்தில், எஞ்சினைக் கழற்றிப் பரப்பி வைத்துக்கொண்டு தனியே இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி, எண்ணெய்க் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "அண்ணைக்குக் கண்?" என்று கேட்டார்.

ஒன்று தெரிகிறது, ஒன்று தெரியவில்லை என்றேன். அவர் கீழே குந்திவிட்டார்.

பழியை ஏன் ஏற்றுக்கொண்டீர்கள், உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று அழுகையோடு கேட்டேன். மன்னிப்புக் கேட்டேன். வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னை மன்னித்துவிடுவார் என்று நினைத்தேன். அதற்காகத்தான் வந்தேன் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"உங்களுக்காண்டி நான் பழி எடுக்கேல்லை அக்கா" என்றார். "அது என்ரை பிழையுந்தான். நீங்கள் ராகுகாலம் எண்டு சொன்னவுடனை நான் வாயை மூடினன். உங்கடை சமயத்துக்கு மரியாதை குடுக்கிறன் எண்டு நினைச்சுத்தான் மூடினன். அஞ்சு நாளா யோசிச்சுப் பாக்கிறன், அது மரியாதை இல்லை. வேறை ஆக்கள் எண்டு நினைச்சதாலைதான் விட்டனான். எனக்குத் தெரியும், அந்த லொறி அசையக் கூடாது எண்டு."

கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"என்ரை சொந்தத் தமையன் ஏறப் போனவர் எண்டா, நீங்கள் என்ன சொன்னாலும் நான் திறப்பைப் பறிச்சுக் கடலுக்கை எறிஞ்சிருப்பன்."